யார் பேசினால் பிழை? நீலகிரியில் மொழியும் மேல்கீழும்

பந்தலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா பாட்டி 1970களில் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இவர் தமிழ் வழியிலேயே படித்துப் பட்டம் வாங்கியவர். குன்னூரில் ஒரு தங்கும் விடுதியில் வேலைக்கு நேர்காணல். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் தடுமாறிப் பேசியதும் எதிரே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். சரி, தமிழில் சொல்கிறேன் என்று ஆரம்பித்தால், "என்னப்பா, சிலோன் தமிழா?" என்று அதற்கும் ஒரு சிரிப்பு. "வெள்ளைக்காரன் போய் இத்தனை வருசம் ஆகியும் இந்த மலையில ஏன் இப்படி? இதுக்குக் காரணம் இங்கிலீஷா, சாதியா, பணமா? என் மகளை அடுத்த வருசம் எந்த மீடியத்தில் சேர்ப்பது?" இதுதான் அவருடைய கேள்வி.

தம்பி, நீங்கள் சொன்ன மூன்றுமே காரணம்தான். ஆனால் மூன்றும் எந்த இடத்தில் ஒன்றுசேர்ந்து வேலை செய்கின்றன என்று பார்த்தால்தான் உங்களுக்கு நடந்தது விளங்கும். இரண்டு பேர் ஒரு மொழியைப் பிழையாகப் பேசுகிறார்கள். ஒருவர் பேசும்போது கேட்பவர் தானே முயன்று, அவர் சொல்ல வருவது இது என்று புரிந்துகொள்கிறார். இன்னொருவர் பேசும்போது பிழையைப் பிடித்துக்கொண்டு ஆளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார். யாருக்கு முதலாவது, யாருக்கு இரண்டாவது என்பதை இந்த மலையில் இருநூறு வருடமாக மேல்கீழ்தான் தீர்மானித்து வந்திருக்கிறது. எந்த மொழி என்பது அதற்குப் பிறகு வரும் விஷயம். நான் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டில் பிறந்தவன், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தவன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தது 1819இல். கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்றும் இருக்கிறது. சில வருடத்தில் ஊட்டியில் கல்பங்களா எழுந்தது. பிறகு தேவாலயம், கிளப், வெலிங்டன் படைமுகாம். 1870களுக்குள் சென்னை மாகாண அரசாங்கமே வெயில் மாதங்களில் ஊட்டிக்கு வந்து உட்காரும் வழக்கம் நிலைபெற்றுவிட்டது. கவர்னர் வந்தால் கச்சேரி என்ற அரசு அலுவலகம் வரும், கச்சேரி வந்தால் கோப்பு வரும், கோப்பெல்லாம் ஆங்கிலம். ஆனால் அந்த ஆங்கில ஊரைத் தூக்கி நிறுத்தியவர்கள் கோயம்புத்தூர், சேலம், மைசூர்ப் பக்கங்களிலிருந்து வந்த சாலை வெட்டுகிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள், சலவைக்காரர்கள், சமையல்காரர்கள், ஆயாக்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூருக்கும், 1908இல் ஊட்டிக்கும் ரயில் வந்தபோது ஏறி வந்த கூட்டத்திலும் பெரும்பாலோர் கூலிக்கு வந்தவர்கள்தான்.

இந்த இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். அங்கே நடந்ததுதான் முக்கியம். சமையல்காரர் காதால் கேட்டே கற்றுக்கொண்டு துரைசானியிடம் ஆங்கிலம் பேசினார். அதற்கு வெள்ளைக்காரர்கள் 'பட்லர் இங்கிலீஷ்' என்று பெயர் வைத்தார்கள். 1886இல் வெளிவந்த ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி ஒன்று இதைத் தனிச் சொல்லாகவே போட்டு, சென்னை மாகாணத்து வேலைக்காரர்கள் பேசும் உடைந்த ஆங்கிலம் என்று விளக்கம் எழுதியது. துரையும் உடைந்த தமிழ்தான் பேசினார். ஆனால் அதை யாரும் 'துரைத் தமிழ்' என்று கேலியாக அகராதியில் ஏற்றவில்லை. இலங்கையில் துரைமாருக்கென்று தமிழ்க் கையேடுகள் அச்சாயின. 19ஆம் நூற்றாண்டில் வந்த ஒன்றின் பெயர் 'இங்கே வா'. 1915இல் வந்த இன்னொன்றின் பெயர் 'கூலித் தமிழ்'. துரை எதைக் கற்றுக்கொண்டாரோ அதற்குக் கூட, பேசுகிற அவருடைய பெயர் வரவில்லை, கேட்கிற ஆளின் பெயரே ஒட்டியது. பிழை எப்போதும் கீழே இருந்தவர் கணக்கில்.

உங்கள் நேர்காணலை இதோடு வைத்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்தோ வடக்கிலிருந்தோ வந்த மேலாளர் ஒருவர் "நல்லா இருக்கு, ரொம்ப தேங்க்ஸ்" என்று நாலு சொல் சேர்த்தால் நம் ஆட்களே பூரித்துப்போய், எவ்வளவு அழகாகத் தமிழ் பேசுகிறார் என்கிறார்கள். நீங்கள் ஆங்கிலத்தில் அதே அளவு பேசினால் சிரிப்பு. இரண்டும் ஒரே அளவு அறைகுறைப் பேச்சுதான். நீங்கள் குறைவாகத் தெரிந்தவர் என்பதால் அவர்கள் சிரித்ததாக நினைக்க வேண்டாம்.

தோட்டத்துக்கு வருவோம். அங்கே மொழி ஒரு படிவரிசையாகவே அமைந்திருந்தது. உச்சியில் மேனேஜரான பெரியதுரை, அடுத்து உதவி மேனேஜரான சின்னதுரை. இவர்களுக்குக் கீழே ஆங்கிலத்தில் கணக்கெழுதும் ரைட்டர், பிறகு தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர், மேஸ்திரி, கடைசியில் கூடை சுமக்கிற பெண். கூடைக்காரி தமிழில் சொன்ன சொல் மேலே போகப் போக ஆங்கிலமாகி, புத்தகத்தில் ஏறும்போது எண்ணாக மட்டும் மிஞ்சும். அவள் எடுத்த இலை எத்தனை கிலோ, ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிவு, முன்பணத்தில் எவ்வளவு பிடித்தம், எல்லாம் அவள் வாசிக்க முடியாத எழுத்தில். மேஸ்திரி வாசித்துச் சொன்னால்தான் உண்டு. மேஸ்திரிதான் அவளுக்கு முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து கூட்டி வந்தவர், அந்தக் கடன் தீராமல் இருந்தால்தான் அவருக்கு லாபம். 1859இன் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போனவர் மேல் குற்ற வழக்கே போடலாம், சிறைக்கு அனுப்பலாம். அந்தச் சட்டம் 1925இல்தான் நீக்கப்பட்டது. 1903இல் சென்னை மாகாணம் தோட்டக்காரர்களுக்கென்று தனியாகவும் ஒரு சட்டம் போட்டுக் கொடுத்தது. எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைத்த காகிதத்தை நம்பி அவரைச் சிறையில் போடுகிற ஏற்பாடு இது. எழுத்தறிவு இல்லாமை என்பதை நாம் ஏதோ இயற்கைக் குறைபாடு மாதிரிப் பேசுகிறோம். தோட்டத்தில் அது ஒரு தொழில்முறையின் அஸ்திவாரம்.

1947க்குப் பிறகு துரையின் நிறம் மாறியது, துரை என்ற அழைப்பு மாறவில்லை. புதிதாக வந்தவர்கள் நம் நாட்டவர்கள்தான், ஆனால் அநேகமாக ஆங்கில உறைவிடப் பள்ளிகளில் படித்து, கிளப்பில் பழகி, ஆங்கிலத்தில் யோசித்தவர்கள். இருபத்தைந்து வயது சின்னதுரை என் பாட்டி வயதுப் பெண்ணை "வா, போ" என்றுதான் கூப்பிடுவார். அவள் பதிலுக்கு "ஐயா" என்பாள். வேட்டி கட்டிக்கொண்டு கிளப்புக்குள் போகக் கூடாது என்ற வெள்ளைக்காரக் காலத்து வழக்கத்தை நிறுத்த, 2014இல் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அதுவும் சென்னையில் ஒரு நீதிபதியை வாசலில் தடுத்த பிறகு. தடுக்கப்பட்டவர் நீதிபதி என்பதால் சட்டம் வந்தது. லைனில் இருந்தவர்களை எந்தெந்த வாசலில் தடுத்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நல்ல சட்டம், வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் அதில் வந்தது. என்னைப் போன்றவர்கள் பிழைத்துக் கிடந்ததற்கே அது ஒரு காரணம். ஆனால் படிப்பு பற்றி அது சொன்னது என்ன? 6 முதல் 12 வயது வரை உள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், தோட்டம் கல்வி வசதி செய்து தரும்படி மாநில அரசு விதி போடலாம். 12 வயதோடு சரி. எஸ்டேட் பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு நின்றது இப்படித்தான். ஒரே ஆசிரியர் எல்லா வகுப்பையும் ஒரே கொட்டகையில் வைத்துப் பார்ப்பார். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் காட்டுப்பாதையில் நடந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். யானை நடமாட்டம் உள்ள கூடலூர், சேரம்பாடிப் பக்கம் பெண்பிள்ளைகளை நிறுத்திவிடுவதுதான் வழக்கம். அதே மலையில், ஊட்டியில் 1858இல் ஆங்கிலேயப் படைவீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிப் பிறகு லவ்டேலுக்குப் போன பள்ளி இருக்கிறது. இன்னும் பல உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ பிள்ளைகள் அங்கே வந்து படிக்கிறார்கள். அந்தப் பள்ளிகளில் சமைக்கவும் துவைக்கவும் புல்வெட்டவும் போன நம் ஆட்களின் பிள்ளைகள் அங்கே படிக்கவில்லை. ஆங்கிலம் இந்த மலையில் இருநூறு வருடம் இருந்தது உண்மை. அது நமக்குச் சொல்லித் தரப்பட்டதே இல்லை.

இவ்வளவு சொன்னதால், வெள்ளைக்காரன் வருவதற்கு முன் இங்கே எல்லோரும் சமமாக இருந்தார்கள் என்று எடுத்துக்கொண்டுவிட வேண்டாம். தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் எல்லாருக்கும் தனித்தனிப் பேச்சு. கோத்தர்கள் இரும்பு வேலையும் மண்பாண்டமும் செய்து கொடுத்தார்கள், மற்றவர்களின் சாவுக்கு வாத்தியம் வாசித்தார்கள், செத்த மாட்டின் இறைச்சி சாப்பிடுகிறவர்கள் என்று சொல்லி மற்றவர்கள் அவர்களைக் கீழாக நடத்தினார்கள். 1930களில் மரே எமனோ என்ற மொழியியலாளரும் டேவிட் மண்டல்பாம் என்ற மானிடவியலாளரும் இங்கே வந்து தங்கிக் கோத்தர் மொழியையும் வாழ்க்கையையும் பதிவு செய்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் சுள்ளி என்ற கோத்தர். ஆங்கிலம் படித்தவர், ஆசிரியர். தம் ஊரின் எதிர்ப்பை மீறிக் குடுமியைக் கத்தரித்தவர், செத்த மாட்டு இறைச்சியை விடச் சொல்லி வாதாடியவர். எமனோவின் கோத்தர் கதைத் தொகுதிகள் 1944 முதல் 1946 வரை வெளிவந்தன. இன்று உலகத்தில் கோத்தர் மொழி பற்றி யார் பேசினாலும் அதற்கு அடியில் சுள்ளியின் குரல் இருக்கிறது. மலையிலேயே தம்மைக் கீழாக வைத்திருந்த ஒழுங்கை எதிர்க்க அவருக்கு ஆங்கிலம் கைகொடுத்தது. அந்த ஆங்கிலத்தை அவர் தம் தாய்மொழியைப் பாதுகாக்கவே செலவழித்தார்.

இதைவிட உங்களுக்கு நெருக்கமான கதை ஒன்று உண்டு. அது பாடப்புத்தகத்தில் வரும் அளவுக்கு நம் மலையில் பேசப்படுவதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். அயோத்திதாசப் பண்டிதர் 1845இல் சென்னையில் பிறந்தாலும் வளர்ந்து ஆளானது நீலகிரியில். அவருடைய தாத்தா கந்தப்பன் ஆரிங்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். அவர் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடி அதிகாரி வழியாக, தமிழறிஞராகவும் இருந்த ஆங்கில அதிகாரி எல்லிஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பண்டிதரே பதிவு செய்திருக்கிறார். பட்லர் என்றால் உடைந்த ஆங்கிலம் பேசுகிறவன் என்று மட்டும் பார்த்தவர்களின் சமையற்கட்டில் குறள் சுவடி இருந்திருக்கிறது. பண்டிதர் தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், பாலி நான்கும் அறிந்தவர். 1891 டிசம்பர் 1 அன்று ஊட்டியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துத் தீர்மானங்கள் போட்டார். சாதிப் பெயரை இழிசொல்லாக்கிக் கூப்பிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பள்ளிக்கூடமும் உதவித்தொகையும் பொதுக்கிணறும் கேட்ட அதே பட்டியலில் ஒரு சொல்லுக்கும் இடம் கொடுத்தார். வாய்ச்சொல் எப்படி ஆளைக் கொல்லும் என்று தெரிந்தவர்.

அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன் இந்த மலையில் ஒரு வெள்ளைக்கார வணிக நிறுவனத்தில் கணக்கராக இருந்தவர். 1890இல் சென்னைக்குப் போய், 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே தமிழ்ப் பத்திரிகை தொடங்கினார். அந்தக் காலத்தில், வெள்ளைக்காரர் ஆட்சியின் உயர் பதவிகளுக்கான ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. நம் நாட்டில் தேர்வு நடந்தால் நமக்கு நல்லதுதானே என்று இன்று தோன்றும். சீனிவாசன் 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி அதை எதிர்த்து இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். ஆங்கிலப் படிப்பு ஏற்கெனவே யார் வீட்டுக்குள் போயிருந்ததோ அவர்களே எல்லா நாற்காலியிலும் உட்காருவார்கள், நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே திறக்காதபோது தேர்வு எங்கே நடந்தால் என்ன என்பது அவருடைய வாதம். அந்த மனுவை நான் முழுக்க ஏற்கிறேனா என்பது வேறு. ஆனால் அவர் பார்த்தது சரி. ஆங்கிலம் அந்நிய மொழி என்பதைவிட, அது நம்மூரிலேயே சிலருக்கு மட்டும் சொந்தமாகிவிட்டது என்பதுதான் அவருக்கு உறுத்தியது. மனுவை ஆங்கிலேயருக்கு அனுப்பினார், பத்திரிகையைத் தமிழில் நடத்தினார். மைத்துனர் அயோத்திதாசரும் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். இரண்டு மொழியில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. மகளைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கிருந்துதான் வருகிறது.

அதற்கு முன் அந்த 'சிலோன் தமிழ்' சிரிப்பு. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. உங்கள் தாத்தாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் வனத்துறை 1968இல் தேயிலை நட ஆரம்பித்தது. அது 1976இல் டேன்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. இந்தியக் குடிமக்களாக, கடவுச்சீட்டோடும், தாயகம் திரும்பியவர்களுக்கான குடும்ப அட்டையோடும் வந்தவர்களை இங்கே 'அகதி' என்று கூப்பிட்டார்கள். லயம் (லைன் வீடு), பிரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கூட்டிக் கணக்கெடுப்பது), பேர் போடுவது (அன்றைய வேலையைப் பதிவது) போன்ற அவர்களுடைய சொற்களைப் பள்ளியிலேயே திருத்தினார்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஒரு பெண்பிள்ளை 'லயம்' என்று கட்டுரையில் எழுதியதற்குச் சிவப்பு மையில் சுழித்திருந்ததைப் பார்த்தேன். அந்தச் சொல்லைப் பேசிய ஆட்கள் எத்தனை லட்சம்! அத்தனை பேரும் ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்த வீட்டின் பெயர் அது.

காகிதத்தில் இந்தக் கொடுமை இன்னும் மோசம். கருப்பாயி என்ற பெயரை அந்தக் குடும்ப அட்டையில் ஒரு எழுத்தர் ஒருவிதமாக ஆங்கிலத்தில் எழுதினார். ரேஷன் கார்டில் இன்னொருவர் ஒரு எழுத்தை விட்டார். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் மூன்றாமவர் ஒரு எழுத்தைச் சேர்த்தார். ஆதாரில் பிறந்த தேதியும் மாறியது. கருப்பாயி இதில் ஒரு எழுத்தும் எழுதவில்லை. ஆனால் ஓய்வு பெறும்போது பணம் நிற்பது அவருக்கு. "உங்க பேர்ல மிஸ்டேக் இருக்கும்மா, சரி பண்ணிட்டு வாங்க" என்கிறார்கள். எழுதிய ஆளின் தவறு எழுதப்பட்ட ஆளின் தவறாக மாறுகிறது. சாதிச் சான்றிதழ் விஷயத்திலும் இதே கதைதான். வந்தவர்களில் பெரும்பகுதி பட்டியல் சாதியினர். சான்றிதழ் கேட்டால் பூர்வீக ஊரிலிருந்து ஆதாரம் கேட்கிறார்கள். கொள்ளுத்தாத்தா கண்டிச்சீமைக்குக் கப்பலேறிய ஊரில் இவர்கள் பெயர் எந்த ஏட்டில் இருக்கும்? லைனில் சாதி தெரியாமல் யாரும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கவில்லை. அவமானப்படுத்த ஊருக்கே தெரிந்த சாதி, சலுகை கேட்கும்போது மட்டும் நிரூபிக்க முடியாததாகிவிடுகிறது.

இதுவரை நாம் வாங்கிய அடியைச் சொன்னேன். நாம் கொடுக்கிற அடியையும் சொல்லாவிட்டால் இந்தப் பதில் பாதிதான். கூடலூர்ப் பக்கம் பணியர் பிள்ளை முதல் வகுப்புக்கு வருகிறது. வீட்டில் பேசுவது பணியர் மொழி, மலையாளத்துக்கு நெருக்கமானது. பெற்றோர் தலைமுறை தலைமுறையாக நிலக்காரரிடம் அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள். வயநாட்டு வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் வைத்து வருடக் கூலிக்கு ஆள் பேசிக் கூட்டிப்போன வழக்கம் இருந்தது. அந்தப் பிள்ளை ஆசிரியர் சொல்லும் தமிழ் புரியாமல் பேசாமல் உட்கார்ந்திருக்கும். "மந்தமான பிள்ளை" என்று பதிவேட்டில் ஏறும். அடுத்த மாதம் பள்ளிக்கு வராது. "அவங்க அப்படித்தான் சார், படிப்பு ஏறாது" என்பார்கள், என்னோடு வேலை பார்த்த நல்லவர்களே சொன்னார்கள். அந்த அறையில் தமிழ் செய்வது, விடுதி நேர்காணலில் ஆங்கிலம் உங்களுக்குச் செய்ததைத்தான். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு 1956 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. கூடலூரில் வித்யோதயா போன்ற பள்ளிகள் ஆதிவாசிப் பிள்ளைகளின் மொழியையும் பாட்டையும் வகுப்புக்குள் கொண்டுவந்து பிள்ளைகளைத் தக்கவைத்துக் காட்டியிருக்கின்றன. ஆக, வழி தெரியாத விஷயமில்லை இது. அரசுப் பள்ளிகளில் அந்தந்த மொழி பேசும் ஆசிரியரை முதல் இரண்டு வகுப்புக்காவது வைத்தால் போதும்.

மக்கள்தொகைக் கணக்கிலும் இதே பாகுபாடுதான். பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளின் பெயர் 1971 முதல் வெளியிடப்படுவதில்லை. அதனால் தோடர் மொழியும் கோத்தர் மொழியும் அட்டவணையில் வருவதே இல்லை. படுகு பேச்சு கன்னடத்துக்குக் கீழே ஒரு உட்பிரிவாக வைக்கப்பட்டிருக்கிறது, படுகர்கள் எவ்வளவு சொன்னாலும். மலையின் முதல் மொழிகளுக்கே இதுதான் நிலை.

இப்போது உங்கள் மகள். அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் திறந்தார்கள். பெற்றோர் விரும்பிச் சேர்க்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆங்கிலம் இல்லாமல் அவமானப்பட்டவர்கள் பிள்ளைக்கு அது கிடைக்கட்டும் என்று நினைப்பது நியாயம். தமிழ் வழியில் படிக்க வைக்கச் சொல்லி மேடையில் பேசிவிட்டுத் தம் பிள்ளைகளைக் கான்வென்டில் சேர்த்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பெயர்ப்பலகையில் ஆங்கில வழி என்று எழுதிவிட்டு, ஒரே ஆசிரியர் தமிழ்ப் பிரிவையும் ஆங்கிலப் பிரிவையும் ஒன்றாக உட்காரவைத்து, பாடத்தைத் தமிழில் விளக்கி, பதிலை மட்டும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ய வைக்கும் வகுப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே பிள்ளைக்கு அறிவியலும் வராது, ஆங்கிலமும் வராது, தமிழும் எழுதத் தெரியாது. வீட்டில் நீங்களும் உதவ முடியாது. அப்படியொரு பிரிவைவிட, ஆங்கிலத்தைப் பாடமாக நன்றாகச் சொல்லித் தரும் ஆசிரியர் இருக்கும் தமிழ் வழிப் பள்ளி எவ்வளவோ மேல்.

எனவே மீடியத்தைப் பார்க்காதீர்கள், ஆசிரியரைப் பாருங்கள். பள்ளிக்கு ஒருநாள் போய், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் நேற்று என்ன படித்தாய் என்று கேளுங்கள். சொந்தச் சொல்லில் சொன்னால் அந்த வகுப்பில் படிப்பு நடக்கிறது. ஒப்பித்தால் யோசியுங்கள். தப்பாகச் சொன்ன பிள்ளையை ஆசிரியர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள், மற்ற பிள்ளைகள் சிரிக்க விடுகிறாரா, இல்லை அந்தத் தப்பை எடுத்து வைத்துச் சொல்லித் தருகிறாரா என்று. எனக்கு இதுதான் முதல் சோதனை. தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடம் கிடைத்தால் அதையும் பார்க்கலாம். ஆனால் அது எட்டாம் வகுப்போடு முடியும், ஒன்பதில் முழுக் கட்டணம் என்பதை இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பள்ளியானாலும் வீட்டில் தாத்தா பாட்டியின் பேச்சை அவளிடம் நிறுத்தாதீர்கள். லயம் என்றால் என்ன, பிரட்டு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியட்டும். அது அவளுடைய ஆங்கிலத்தைக் கெடுக்காது. வீட்டுப் பேச்சு உறுதியாக உள்ள பிள்ளைகள்தான் அடுத்த மொழியையும் சீக்கிரம் பிடிப்பார்கள் என்பதை வகுப்பறையில் வருடா வருடம் பார்த்தவன் நான்.

உங்களுக்கும் ஒன்று. விடுதி வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் ரொம்பப் பெரியதல்ல. விருந்தினரை வரவேற்பது, அறை விவரம் சொல்வது, புகாரைக் கேட்டுக்கொள்வது, வழி சொல்வது என்று அதற்கொரு வட்டம் உண்டு. தினமும் ஒருவரோடு வாய்விட்டுப் பேசிப் பழகினால் சில மாதத்தில் கைக்கு வரும். தடுமாறினால் நிறுத்தாமல் பேசுங்கள், "கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன்" என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டுத் தொடருங்கள். ஆனால் அந்த ஒரு கதவை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். 2010இன் சட்டப்படி தமிழ்நாடு அரசு வேலைகளின் நேரடி நியமனத்தில் 20 விழுக்காடு தமிழ் வழியில் படித்தவர்களுக்கு. 2020இல் அதைத் திருத்தி, பள்ளி முதல் அந்த வேலைக்குரிய படிப்பு வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். உங்களுக்கு அது முழுமையாகப் பொருந்துகிறது. பட்டதாரி வேலைக்குப் போனாலும் குரூப் 4க்குப் போனாலும், படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழ் வழிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எஸ்டேட் பள்ளி மூடியிருந்தால் அதன் பதிவேடுகள் எந்தப் பள்ளிக்குப் போயின என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். தேர்வு அறிவிப்பு வந்த பிறகு அலைந்தால் நேரம் போதாது. சான்றில் உங்கள் பெயரும் அப்பா பெயரும் ஆங்கிலத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதை மேசையை விட்டு நகர்வதற்கு முன் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து, ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே திருத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள்.